மேக்ரோ ஓட்டினால் 12 மாதமும் ஒரே பக்கத்தில் விழுகிறது: பக்கத்தை எப்படிப் பிடிப்பது?

சிம்மக்கல் பிரஸ்

வணக்கம். சிம்மக்கல்லில் ஒரு பிரஸ்ஸில் டிடிபி பார்க்கிறேன். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வெளியானால் இங்கே எங்களுக்கும் காலண்டர் வேலை தொடங்கிவிடும். கீழமாசி வீதி மளிகைக் கடைக்காரர்களும் விளக்குத்தூண் ஜவுளிக் கடைக்காரர்களும் ஆல்பத்தில் இருப்பது வேண்டாம், மாதக் காலண்டரைத் தனியாக டிசைன் செய்து கொடு என்கிறார்கள். கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒரே ஃபைல். முன்னால் அட்டை, அப்புறம் மாதத்துக்கு ஒரு பக்கம். மேலே கடைப் பெயர், நடுவில் தேதிக் கட்டம், கீழே அந்த மாத விசேஷங்களும் முகூர்த்த நாட்களும்.

கடைக்குக் கடை கையால் மாற்றிக் கட்டுப்படி ஆகாது என்று விபிஏ என்ற நிரல் மொழியில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதியிருக்கிறேன். எக்செல்லில் இருக்கும் பட்டியலை எடுத்து அந்தந்த மாதப் பக்கத்தில் போட வேண்டும். லூப் 1-லிருந்து 12 வரை ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கத்தில் விழுகிறது. 'மார்கழி – தை', 'தை – மாசி', 'மாசி – பங்குனி' என்று எல்லா மாதத் தலைப்பும் ஜனவரித் தாளிலேயே குவிகிறது. ஆகஸ்ட் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு ஓட்டினால் எல்லாம் ஆகஸ்டில் குவிகிறது.

லூப்புக்குள் பக்கத்தை ஆக்டிவேட் செய்தால் சரியாகப் போகிறது. ஆனால் திரை படபடவென்று மாறிக்கொண்டே இருக்கிறது, நேரமும் இழுக்கிறது. கடைப் பட்டியல் நீளம். வேறு வழி இருக்கிறதா?

கோரல் பழையவர்

தம்பி, ஆகஸ்ட் பக்கத்தைத் திறந்து வைத்தால் ஆகஸ்டில் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. உங்கள் மேக்ரோவில் ஆக்டிவ்லேயர் என்று எழுதி அதிலிருந்து கிரியேட்ஆர்ட்டிஸ்டிக்டெக்ஸ்ட்டைக் கூப்பிட்டிருப்பீர்கள். ஆக்டிவ்லேயர் என்றால் இப்போது திரையில் நிற்கிற பக்கத்தின் லேயர், அதாவது அடுக்கு. உங்கள் லூப்பில் ஓடுகிற எண் அதற்குத் தெரியாது. எண் 7 ஆனாலும் 12 ஆனாலும் திரையில் இருப்பது ஜனவரி என்றால் ஜனவரியில்தான் எழுதும்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஆக்டிவ்டாக்குமெண்ட்டை, அதாவது திறந்திருக்கிற ஃபைலை, ஒரு மாறியில் (நிரலில் ஒன்றைப் பிடித்து வைக்கும் பெயரில்) வாங்கிக்கொள்ளுங்கள். மேக்ரோ முழுக்க அந்த வார்த்தை ஒரு தடவைதான் வர வேண்டும். அப்புறம் லூப்புக்குள் அந்த டாக்குமெண்ட்டின் பேஜஸ் தொகுப்பிலிருந்து பக்கத்தை ஒரு மாறியில் வாங்குங்கள். அந்தப் பக்கத்தின் லேயர்ஸிலிருந்து லேயரைப் பெயர் சொல்லி வாங்குங்கள். டெக்ஸ்ட் உருவாக்கும் கட்டளையை அந்த லேயர் மாறியின்மேல் கொடுங்கள். திரை ஜனவரியிலேயே நிற்கும், ஆகஸ்ட் விசேஷம் ஆகஸ்ட் தாளுக்குப் போய்விடும். ஆக்டிவேட் தேவையே இல்லை.

எழுதுகிற ஒவ்வொரு சின்ன ஃபங்ஷனுக்கும் பக்கத்தை ஒரு அளவுருவாக அனுப்புங்கள். 'விசேஷம் போடு' என்ற ஃபங்ஷன் இருந்தால் அதற்கு மாத எண்ணை மட்டும் கொடுத்தால் போதாது, எந்தப் பக்கம் என்பதையும் கையில் கொடுங்கள். உள்ளே போய் அது தானாகப் பக்கத்தைத் தேடும்படி விடாதீர்கள். நான் இத்தனை வருடமாக அழுத்திச் சொல்லிக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான்.

இன்னொன்று. முன்னால் அட்டை இருக்கிறது, அதனால் ஜனவரி 2-ம் பக்கம். மாத எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பக்கத்தைப் பிடிக்கிறீர்கள் என்றால் இப்போதைக்குச் சரி. நாளைக்கு ஒரு கடைக்காரர் அட்டைக்குப் பின்னால் விளம்பரத் தாள் ஒன்று வேண்டும் என்பார், எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப் போய்விடும். பக்கத்துக்குப் பெயர் வையுங்கள். எம்01, எம்02 என்று வைத்தால் போதும். தொடக்கத்தில் எல்லாப் பக்கத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பெயரையும் பக்கத்தையும் ஒரு அகராதியில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் விபிஏ எடிட்டர் யூனிகோடைக் காட்டாது. நிரலுக்குள் 'மார்கழி' என்று ஒட்டினால் கேள்விக்குறிகளாகத்தான் நிற்கும். தமிழ் வாசகம் எல்லாம் எக்செல்லிலோ யூடிஎஃப்-8 ஃபைலிலோ இருக்கட்டும், நிரல் அதை அங்கிருந்து படிக்கட்டும். பெயர்களைப் பொருத்திப் பார்க்கிற இடத்தில் எம்01 மாதிரி இருப்பதே நிம்மதி.

சிம்மக்கல் பிரஸ்

அண்ணே, போட்டுப் பார்த்தேன். அந்தந்த மாதம் அந்தந்தத் தாளில் விழுகிறது. திரையும் அசையவில்லை. ரொம்ப நன்றி.

ஒரு விஷயம் மட்டும். எங்கள் லோகோவும் கடைப் பெயரும் சேர்ந்த ஒரு குரூப்பை அட்டையிலிருந்து காப்பி செய்து 12 பக்கத்திலும் ஒட்டுகிறேன். அது மட்டும் இன்னும் திரையில் இருக்கிற பக்கத்திலேயே விழுகிறது.

கோரல் பழையவர்

காப்பியும் பேஸ்ட்டும் கிளிப்போர்டு வழியாகப் போகிறவை. ஆக்டிவ்லேயரில் பேஸ்ட் கொடுத்தால் திரையில் இருக்கிற பக்கத்துக்குத்தான் போகும், செலெக்ஷனும் அப்படித்தான். கிளிப்போர்டை விட்டுவிடுங்கள். குரூப்பை ஷேப் மாறியில் பிடித்துக்கொண்டு காப்பிடுலேயர் என்ற கட்டளைக்கு அந்த மாதப் பக்கத்தின் லேயரைக் கொடுங்கள். நேராக அங்கே ஒரு நகல் போய் உட்காரும். ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வேறு எங்காவது ஏதாவது காப்பி செய்தால்கூடக் கெடாது.

வடக்குவெளி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 12 பக்க வேலைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா? ஆக்டிவேட் போட்டு, ஆப்டிமைசேஷனை ட்ரூ ஆக்கிவிட்டால் திரை படபடக்காது. நான் பல வருடமாக அப்படித்தான் கல்யாணப் பத்திரிகை வேலை பார்க்கிறேன். நிரலும் படிக்க எளிதாக இருக்கிறது.

கோரல் பழையவர்

ஆப்டிமைசேஷன் போட்டால் திரை வரைவது நிற்கும், வேகம் கிடைக்கும், அதை மறுக்கவில்லை. இவரும் போட்டுக்கொள்ளலாம். முடியும்போது ஃபால்ஸ் ஆக்கி விண்டோவை ரிஃப்ரெஷ் செய்ய மறக்கக் கூடாது. ஆனால் அதனால் பக்கத்தைப் பற்றிய கேள்வி தீராது. நீங்கள் ஆக்டிவேட் செய்து, அப்புறம் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அந்த ஃபங்ஷன் வேறு காரணத்துக்காக அட்டைக்குப் போய்த் திரும்பாமல் வந்தால், அடுத்த வரி அட்டையில் எழுதும். பிழைச் செய்தி எதுவும் வராது. பத்திரிகை ஒரு பக்கம், இரண்டு பக்கம். அதில் கண்ணில் பட்டுவிடும். காலண்டரில் மே மாத முகூர்த்த நாள் ஜூனில் உட்கார்ந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? கடைக்காரர் பார்க்கமாட்டார். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர்தான் பார்ப்பார். அதற்குள் தாள் ஆயிரக்கணக்கில் அடித்து வீடு வீடாகப் போயிருக்கும்.

வடக்குவெளி

சரி, அது நியாயம். பிழைச் செய்தி வராது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

திருநகர் வடிவமைப்பு

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை பார்க்கிற ஆட்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் ஆகட்டும் என்று எழுதுகிறேன். நான் பள்ளிகளுக்கு ஆண்டு மலர் செய்கிறேன். ஸ்கிரிப்ட் வழியாக வகுப்பு வாரியாகப் பிள்ளைகளின் படமும் பெயரும் போடுவோம். அங்கே பக்கத்தைச் சரியாகப் பிடித்தால் மட்டும் போதாது. பக்கத்துக்கு எது சுழியம் என்பதையும் பிடிக்க வேண்டும்.

எதிரெதிர்ப் பக்கங்கள் உள்ள ஏ4 ஆவணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14-ம் பக்கம் இடது, 15-ம் பக்கம் வலது. 15-ம் பக்கத்தை மாறியில் பிடித்து, அதன் டெக்ஸ்ட்ஃப்ரேம்ஸில் ஒரு சட்டம் சேர்த்து, இடமிருந்து 20 மில்லிமீட்டர் என்று கொடுக்கிறேன். ரூலர் ஆரிஜின், அதாவது அளவு தொடங்கும் இடம், ஸ்ப்ரெட் (எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்தது) என்று இருந்தால் அந்த 20 இடது பக்கத்தின் ஓரத்திலிருந்து கணக்காகும். சட்டம் 14-ல் போய் நிற்கும். 15-ல் அதே இடம் வேண்டும் என்றால் 210-ஐக் கூட்டி 230 என்று கொடுக்க வேண்டும். பக்கம் சரி, எண்ணும் சரி, ஆனால் படம் முந்தைய வகுப்பின் பக்கத்தில் இருக்கும்.

அதனால் ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே வியூபிரிஃபரன்சஸில் ரூலர்ஆரிஜினைப் பேஜ்ஆரிஜின் ஆக்கி, ஜீரோபாயின்ட்டைச் சுழியம், சுழியம் என்று வைத்துவிடுவேன். அளவு அலகையும் ஸ்கிரிப்ட் பிரிஃபரன்சஸில் மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் யாரோ முன்பு பாயின்ட்டில் வேலை பார்த்துவிட்டுப் போன ஃபைலில் 20 மில்லிமீட்டர் 20 பாயின்ட்டாகச் சுருங்கும். ரூலர், ஜீரோபாயின்ட்டின் பழைய மதிப்புகளை எடுத்து வைத்து, முடியும்போது திருப்பி வைக்க வேண்டும். அந்த ஃபைலில் வேலை பார்க்கிற இன்னொருவருக்கு ரூலர் மாறியிருந்தால் அது நமது ஸ்கிரிப்டால் வந்த தொல்லை.

மார்ஜினிலும் ஒரு பொறி இருக்கிறது. எதிரெதிர்ப் பக்க ஆவணத்தில் மார்ஜின்பிரிஃபரன்சஸில் லெஃப்ட் என்பது இடது அல்ல, உட்பக்கம், அதாவது தையல் விழுகிற பக்கம். வலப் பக்கத் தாளில் அது இடதாக இருக்கும், இடப் பக்கத் தாளில் வலதாக மாறிவிடும். பக்கத்தின் சைட் என்ற பண்பைப் பார்த்து இடக்கையா வலக்கையா என்று தெரிந்துகொண்டு மாற்றிக் கணக்கிட வேண்டும்.

சிம்மக்கல் பிரஸ்

அக்கா, பக்க எண்ணையே வைத்துப் பிடிப்பதா, வரிசை எண்ணை வைத்துப் பிடிப்பதா? எங்களிடம் ஒரு கோயில் மலர் வேலை இன்டிசைனில் வரப்போகிறது. முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

திருநகர் வடிவமைப்பு

நல்ல கேள்வி. இரண்டும் வேறு. முன்னால் 8 பக்கம் ரோமன் எண்ணில் இருந்து, அப்புறம் 1 என்று தொடங்கினால், '5' என்று அச்சாகிற பக்கம் ஆவணத்தில் 13-வது பக்கம். இன்டிசைன் ஸ்கிரிப்டில் வரிசை சுழியத்திலிருந்து தொடங்குவதால் அதன் வரிசை எண் 12. பேஜஸ் தொகுப்பில் 4 என்று கேட்டால் ரோமன் ஐந்தாம் பக்கம்தான் வரும். ஐட்டம்பைநேம் என்று '5'-ஐக் கேட்டால் அச்சில் 5 என்று இருக்கும் பக்கம் வரும். நேம் என்பது எழுத்துச்சரம், எண் அல்ல. கோரலில் 1-லிருந்து எண்ணுவார்கள், இங்கே சுழியத்திலிருந்து. இரண்டிலும் மாறி மாறி வேலை பார்க்கிறவர்கள் இதைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளலாம்.

கோயில் மலர் என்றால் மண்டகப்படிப் பட்டியல் இருக்கும், கடைசி நேரத்தில் இரண்டு பக்கம் கூடும். பக்கம் கூடுகிற, குறைகிற வேலையில் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். பக்கத்தின் ஐடியைக் குறித்துக்கொண்டு ஐட்டம்பைஐடி வழியாகக் கேளுங்கள். வெற்றுப் பக்கங்களை நீக்குகிற லூப் என்றால் கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். முன்னாலிருந்து போனால் 6-வதை நீக்கியதும் 7-வது 6 ஆகிவிடும், லூப் அதைத் தாண்டிப் போய்விடும்.

அப்புறம், ஃபைலை விண்டோ காட்டாமல் திறந்து வேலை பார்ப்பது வேகமான வழி. அப்படித் திறந்ததை ஆக்டிவ்டாக்குமெண்ட் என்று கேட்டால் கிடைக்காது. ஓப்பன் கட்டளை திருப்பித் தருகிற ஆவணத்தை அங்கேயே மாறியில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வேறொரு ஃபைல் திறந்திருந்தால் ஆக்டிவ்டாக்குமெண்ட் அதைக் கொடுத்துவிடும், ஸ்கிரிப்ட் யாருடைய மலரிலோ பிள்ளைகளின் படத்தை அடுக்கும்.

இலந்தைக்குளம்

நான் ஐ.டி. பூங்காவில் ஃபிக்மா என்ற திரை வடிவமைப்பு மென்பொருளுக்குப் பிளகின் (கூடுதல் நிரல்) எழுதுகிறேன். அச்சு வேலை இல்லை, ஆனால் சங்கதி அதேதான். ஃபிக்மாவில் கிரியேட்ரெக்டாங்கிள் மாதிரி எதைக் கூப்பிட்டாலும் அது கரண்ட்பேஜில் பிறக்கிறது. வேறு பக்கத்துக்குப் போக வேண்டும் என்றால் அந்தப் பக்கத்தின் அப்பெண்ட்சைல்டுக்குக் கொடுக்க வேண்டும். கோரலில் அண்ணன் சொன்ன லேயர் மாறிக்கு ஒப்பானது இது.

இங்கே கூடுதலாக ஒன்று. பிளகின் ஓடும்போது பயனர் சும்மா இருக்க மாட்டார். ஃபான்ட் லோட் ஆவதற்காக அவெயிட் போட்டுக் காத்திருக்கிற நேரத்தில் அவர் இடது பக்கப் பட்டியலில் வேறு பக்கத்தைச் சொடுக்கினால் கரண்ட்பேஜ் மாறிவிடும். அவெயிட்டுக்கு முன்னால் ஒரு பக்கம், பின்னால் இன்னொரு பக்கம். அதனால் பிளகின் தொடங்கிய முதல் வரியிலேயே கரண்ட்பேஜை ஒரு மாறிலியில் பிடித்துவிட்டு, பிறகு அந்த மாறிலியை மட்டுமே பயன்படுத்துவோம்.

இன்னும் ஒன்று, இது புதிதாக எழுதுகிறவர்களை அதிகம் தடுமாற வைக்கிறது. பிளகினின் அமைப்பு ஃபைலான மேனிஃபெஸ்டில் டாக்குமெண்ட்ஆக்சஸ் என்ற இடத்தில் டைனமிக்-பேஜ் என்று போட்டால், ஃபைலின் எல்லாப் பக்கமும் முன்கூட்டியே இறங்காது. பக்கத்தின் பெயரைக் கேட்டால் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பிழை வரும். முதலில் அந்தப் பக்கத்தின் லோட்அசிங்கைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். பக்கம் மாறவும் செட்கரண்ட்பேஜ்அசிங் தான், நேரடியாகக் கரண்ட்பேஜுக்கு மதிப்புக் கொடுக்க முடியாது. லோட்ஆல்பேஜஸ்அசிங் என்று மொத்தமாக இறக்கவும் வழி உண்டு. பெரிய ஃபைலில் அதைக் கூப்பிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். தேவையான பக்கத்தை மட்டும் இறக்குவதே சரி என்பது என் முடிவு.

உசிலம்பட்டி இதழ்

ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் சின்ன இதழுக்கு அதுதான். 1.5.3-லிருந்து தமிழ் எழுத்துகள் சரியாகக் கூடி வருகின்றன, காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பைத்தான் ஸ்கிரிப்டில் நீங்கள் எல்லாரும் சொல்கிற மாதிரி பக்கத்தை ஒரு மாறியில் பிடித்துக்கொள்ள வழி இல்லை. கோடுபேஜ் என்று சொல்லிப் போய்த்தான் கிரியேட்டெக்ஸ்ட் கூப்பிட வேண்டும். அப்போது என்ன செய்வது?

கோரல் பழையவர்

வழி இல்லாத இடத்தில் பக்கம் மாறத்தான் வேண்டும். ஆனால் நிரல் முழுக்க இங்கும் அங்கும் கோடுபேஜ் போடாதீர்கள். ஒரே ஒரு ஃபங்ஷனில் வையுங்கள். உள்ளே வந்ததும் கரண்ட்பேஜ் என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், வேண்டிய பக்கத்துக்குப் போக வேண்டும், வேலையைச் செய்ய வேண்டும், பழைய பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். பைத்தானில் ட்ரை, ஃபைனலி இருக்கிறது. திரும்புவதை ஃபைனலியில் வையுங்கள், நடுவில் பிழை வந்தாலும் பக்கம் பழைய இடத்துக்கு வந்துவிடும். மற்ற ஃபங்ஷன்கள் எல்லாம் இதன் வழியாகத்தான் பக்கத்தைத் தொட வேண்டும்.

உசிலம்பட்டி இதழ்

சரி சார். நான் கவனித்த ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். உருவாக்குகிறபோதுதான் பக்கம் வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற சட்டத்தில் செட்டெக்ஸ்ட் என்று வாசகத்தை மாற்ற அதன் பெயர் போதும், எந்தப் பக்கத்தில் நின்றாலும் நடக்கிறது. பெயர் ஆவணம் முழுவதற்கும் ஒன்றுதான், அதே பெயரில் இன்னொன்றை உருவாக்கினால் பிழை காட்டும். அதனால் டெம்ப்ளேட்டில் சட்டங்களை முன்பே போட்டுப் பெயர் வைத்துவிட்டால் கோடுபேஜே பெரும்பாலும் வராது.

கோரல் பழையவர்

அருமை. சிம்மக்கல் தம்பியும் இதையே செய்யலாம். ஒவ்வொரு மாதப் பக்கத்திலும் தலைப்பு, விசேஷம், முகூர்த்தம் என்று மூன்று சட்டங்களை டெம்ப்ளேட்டில் கையால் போட்டு, ஆப்ஜெக்ட்ஸ் டாக்கரில் (பழைய பதிப்பில் ஆப்ஜெக்ட் மேனேஜர்) பெயர் வையுங்கள். மேக்ரோ அந்தப் பக்கத்தின் ஷேப்ஸில் ஃபைண்ட்ஷேப் என்று பெயரைத் தேடி வாசகத்தை மட்டும் மாற்றட்டும். இட அளவு, அலகு எதுவும் நிரலில் வேண்டாம். கோரல் விபிஏ சும்மா விட்டால் அங்குலத்தில் கணக்குப் போடும், அந்தத் தலைவலியும் போகும். பெயர் கிடைக்காவிட்டால் மேக்ரோ நின்று, எந்தப் பக்கத்தில் எந்தச் சட்டம் இல்லை என்று சொல்லட்டும். மௌனமாகத் தாண்டிப் போகக் கூடாது.

சிம்மக்கல் பிரஸ்

டெம்ப்ளேட்டை மாற்றி அமைத்துவிட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் 'மார்கழி – தை' மாதிரி தலைப்பை முதலில் சரிபார்க்கிறேன். ஜனவரிப் பக்கத்தின் தலைப்பில் தை இல்லாவிட்டால் மேக்ரோ நின்றுவிடுகிறது. எல்லாம் சரியாக வருகிறது.

கடைசியாக ஒன்று. கடைக்கு ஒரு பிடிஎஃப் எடுக்கிறேன். ஒரு கடைக்கு மட்டும் ஒரே பக்கம்தான் வந்தது, அதுவும் அப்போது திரையில் இருந்த பக்கம். இதுவும் அதே கோளாறுதானா?

கோரல் பழையவர்

அதே குடும்பம்தான். பிடிஎஃப்செட்டிங்ஸில் பப்ளிஷ்ரேஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. யாராவது புரூஃப் பார்க்க நடப்புப் பக்கத்தை மட்டும் எடுத்திருந்தால் அது அப்படியே நிற்கும். பப்ளிஷ்டுபிடிஎஃப் கூப்பிடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் நீங்களே ரேஞ்சைச் சொல்லிவிடுங்கள். முழு ஆவணம் என்றோ, பேஜ்ரேஞ்சில் '1-13' என்றோ.

திருநகர் வடிவமைப்பு

இன்டிசைனிலும் அப்படித்தான் தம்பி. பிடிஎஃப் ஏற்றுமதிக்கான பேஜ்ரேஞ்ச் ஆவணத்தில் இல்லை, அப்ளிகேஷனில் இருக்கிறது. போன ஃபைலுக்குக் கொடுத்தது இந்த ஃபைலுக்கும் ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் கோயில் மலரில் ரோமன் எண் இருப்பதால் '1-4' என்றால் அச்சில் 1 என்று தொடங்குகிற இடத்திலிருந்து எடுக்கும். ஆவணத்தின் முதல் நான்கு பக்கம் வேண்டும் என்றால் எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு '+1-+4' என்று கொடுங்கள்.